கறுப்புச் சப்பாத்து

அன்புள்ள மகளுக்கு,

லீட்ஸில் உன் வீட்டில் மூன்று நாள் நின்றுவிட்டு வந்ததிலிருந்து உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று மனம் அரிக்கிறது. ஃபோனில் தொடங்கினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பதினேழு வயதில் நீ ஒரு சோடி சப்பாத்து வாங்கினாய். முழங்கால் மட்டும் வரும், பக்கத்தில் வெள்ளிக் கொளுக்கிகள். சனிக்கிழமைகளில் கடையில் நின்று உழைத்த காசு. மாமியின் மகளுக்குக் கல்யாணம் வர முதல் கிழமை, நீ பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து அதைத் தூக்கிக்கொண்டுபோய் செரிட்டி கடையில் கொடுத்தேன். நீ வந்து கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள் எல்லாம் தேடினாய். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சப்பாத்தைப் பற்றி மட்டுமில்லை, கனக்க விஷயங்களைப் பற்றி நீ என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாய்.

பிள்ளை, நான் செய்தது பிழை. என்னை மன்னித்துக்கொள்.

கறுப்பு உடுத்தி ஒருவிதமான இருண்ட பாட்டுக் கேட்கிற உங்கள் கூட்டத்துக்குக் கோத் என்று பெயர். அப்போது கோத் என்றால் சுடலை, சாத்தான், கையைக் கீறிக்கொள்கிற பிள்ளைகள் என்றுதான் நினைத்திருந்தேன். நாங்கள் செத்தவீட்டுக்கும் வெள்ளை உடுத்திப் போகிற சனம். நீ கறுப்பு உடுத்தி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை தீட்டி வெளிக்கிட்டால், உன்னை ஏதோ கொண்டுபோகப் போகிறது என்று வயிறு பற்றி எரியும். நீ என்ன பாட்டுக் கேட்கிறாய் என்று ஒருநாள்கூட அந்த ஹெட்ஃபோனை வாங்கி என் காதில் வைத்துப் பார்க்கவில்லை. முதலில் வந்தது பாட்டு, உடுப்பெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது என்று இந்த வயதில் உன் சிநேகிதர்கள்தான் எனக்கு விளங்கப்படுத்தினார்கள்.

உன் சிநேகிதர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அந்த வெள்ளிக்கிழமை இரவை மறக்கமாட்டேன். உதட்டில் கறுப்புப் பூசின பெடியன் என் கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எனக்கு வகுப்பெடுத்தான். 1979இல் நோர்தாம்ப்டனைச் சேர்ந்த நாலு பேர், பௌஹவுஸ் என்ற குழு, பழைய டிராகுலா நடிகர் பெலா லுகோசியின் பெயரில் போட்ட பாட்டு. ஒன்பது நிமிடத்துக்கு மேல். பாடுகிறவரின் குரல் வரவே இரண்டு நிமிடம் தாண்டிவிடுகிறது. 1982இல் லண்டன் சோஹோவில் பாட்கேவ் என்று கோத்துகள் கூடுகிற கிளப். அதற்கு முதலே, 1980இல், லீட்ஸில் சிஸ்டர்ஸ் ஒஃப் மேர்சி என்ற குழு. டிரம்ஸ் அடிக்க ஆள் வைக்காமல் மெஷின் வைத்து, அதற்கு டொக்டர் அவலாஞ்ச் என்று பெயரும் வைத்தவர்கள். நீ லீட்ஸ்தான் வேண்டும் என்று ஏன் ஒற்றைக்காலில் நின்றாய் என்று அப்போதுதான் விளங்கியது.

பாட்டுக் கேட்கும்போது எனக்கு அம்மம்மாவின் நினைவு வந்தது. செத்தவீட்டில் அவ ஒப்பாரி வைத்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு, எல்லாரோடும் சிரித்துக் கதைத்துவிட்டு வருவா. அவவுக்கு மனதில் நோய் என்று ஒருவரும் சொன்னதில்லை. நீங்கள் எல்லாரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பும் அப்படித்தான் இருந்தது.

நீ நித்திரைக்குப் போன பிறகு, தாதியாக வேலை செய்கிற உன் சிநேகிதிப் பிள்ளைதான் சோஃபி லங்காஸ்டரைப் பற்றிச் சொன்னாள். நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று தெரியும். சொல்லியிருந்தால் உன்னை வெளியே விட்டிருக்கமாட்டேன். 2007 ஆகஸ்ட், லங்கஷயரில் பேக்கப் என்ற சின்ன ஊர்ப் பூங்கா. அவளும் காதலனும். கோத் மாதிரி உடுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். பெடியன்கள் கூடி முதலில் அவனை அடித்து விழுத்தியிருக்கிறார்கள். அவனுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இவள் மறித்திருக்கிறாள். பிறகு இவளை. பதின்மூன்று நாளில் போய்விட்டாள். வயது இருபது. அவளுடைய அம்மா சில்வியா அதற்குப் பிறகு மகளின் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளோடு கதைத்தா. 2013இல் மன்செஸ்டர் பொலிஸ், கோத் போன்றவர்களை அடிப்பதையும் வெறுப்புக் குற்றமாகப் பதியத் தொடங்கியது. 2022இல் அந்தத் தாயும் போய்விட்டா.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. 83 ஆடியில் கொழும்பில் அம்மம்மா என் நெற்றிப் பொட்டைச் சேலைத் தலைப்பால் அழித்தது கண்ணுக்குள் நின்றது. எனக்கு ஒன்பது வயது. தோட்டையும் கழற்றினா. எங்களைப் பார்த்தவுடன் இன்னார் என்று தெரிந்துவிடக்கூடாது என்று. பார்வைக்கு ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதற்காக அடிவிழும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும்தான் உன்னிடம் அப்படி நடந்தேன். அம்மம்மா என் பொட்டை அழித்தது என் உயிரைக் காப்பாற்ற. நான் உன் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தது கல்யாண வீட்டில் சனம் கதைக்கக்கூடாது என்பதற்காக. இரண்டையும் ஒன்றென்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் கடைசியில் நீங்கள் எல்லாரும் விட்பி என்ற கடற்கரை ஊருக்குப் போவதாகச் சொன்னாய். 1994இலிருந்து அங்கே கோத்துகள் கூடுகிறார்களாமே. சோஃபியின் நினைவாகக் கடலைப் பார்த்தபடி ஒரு வாங்கும் இருக்கிறதாம். என்னையும் கூட்டிக்கொண்டு போவாயா? அதில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். என்னிடம் வெள்ளிக்கரை போட்ட கறுப்புச் சேலை ஒன்று கட்டாமலே கிடக்கிறது.

இன்னொன்று. அந்த மாதிரிச் சப்பாத்து ஒன்று கண்டு வைத்திருக்கிறேன். கொளுக்கி நாலா ஐந்தா என்று எனக்கு நினைவில்லை. உன் காலின் அளவு இப்போதும் ஐந்துதானா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா