மிச்சமாகும் நேரம் யாருக்கு? நிறுவனத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும் நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

அலுவலகங்களுக்குப் போய் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிகளைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உங்கள் ஊழியர்கள் வகுப்பில் ஒன்று சொல்கிறார்கள், இடைவேளையில் தனியாக வந்து வேறொன்று சொல்கிறார்கள். இரண்டாவது உங்கள் காதுக்கு வருவதே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

“லைசென்ஸ் எல்லாம் வாங்கிக் கொடுத்தாச்சு, ஆனா யாரும் தொட மாட்டேங்கறாங்க” என்பது உங்களில் பலருடைய குறை. தொடுகிறார்கள் ஐயா. சொந்த ஃபோனில், சொந்தக் கணக்கில், உங்களுக்குத் தெரியாமல். மேலாளர் அந்தப் பக்கம் வந்தால் திரையை மாற்றிவிடுகிறார்கள். இரண்டு மணி நேர அறிக்கையை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும்? இன்னும் நாலு அறிக்கை தலையில் விழும். இல்லையென்றால், இத்தனை பேர் எதற்கு என்ற பேச்சு மேலே கிளம்பும். பேசாமல் இருப்பதே நல்லது என்று அவர்கள் போடும் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை.

இதற்கு மருந்தாகச் சில இடங்களில் இலக்கு வைக்கிறார்கள். வாரத்துக்கு இத்தனை தடவை பயன்படுத்தியே ஆகவேண்டும், யார் எவ்வளவு தொட்டார்கள் என்று காட்டும் டேஷ்போர்டில் பச்சை, சிவப்பு. அப்படி ஒரு இடத்தில் ஒரு அம்மா செய்வதைப் பார்த்தேன். காலையில் வந்து உட்கார்ந்ததும், முந்தின நாளே அனுப்பிவிட்ட மின்னஞ்சலை எடுத்து ஒட்டுவார், “இதை மெருகேற்று” என்று தட்டுவார், வந்த பதிலைப் படிக்காமலே மூடுவார். எண்ணிக்கை ஏறிவிடும். மாதக் கூட்டத்தில் அந்தப் பிரிவுக்குத்தான் கைதட்டல்.

அனுபவசாலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். “பழைய ஆட்கள் மாற்றத்துக்கு ஒத்துழைப்பதில்லை” என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறீர்கள். பொருளாதார அறிஞர் எரிக் பிரின்யோல்ஃப்சனும் அவருடன் இருவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். ஏஐ உதவி கிடைத்ததும் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் சிக்கல்கள் சராசரியாக 14 விழுக்காடு கூடின. புதியவர்களுக்கு 34 விழுக்காடு. கைதேர்ந்தவர்களுக்கோ பெரிதாக ஒன்றும் இல்லை. திறமையானவர்களின் கைப்பக்குவத்தைக் கருவி புதியவர்களுக்குக் கடத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இதை அந்த அனுபவசாலியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடம் அடிபட்டுக் கற்றது நேற்றுச் சேர்ந்தவருக்கு ஒரு நொடியில் போய்ச் சேருகிறது. கொடுத்தவருக்குச் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடவில்லை, பதவியிலும் மாற்றமில்லை. போதாக்குறைக்கு ‘மாற்றத்தை எதிர்ப்பவர்’ என்ற பட்டம். அவர் முகம் சுளிப்பதை மனப்பான்மைக் கோளாறு என்று என்னிடம் அனுப்பிவைக்கிறீர்கள். மூன்று மணி நேர வகுப்பு அதற்கு என்ன செய்யும்? அவர் அறிவுக்கு என்ன தருவது என்று முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்.

பயம் மறைப்பது திறமையை மட்டுமல்ல, கருவியின் பிழைகளையும்தான். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தலைவரிடம் பயமில்லாததால் அங்கே தவறை வெளியே சொன்னார்கள் என்பது அதற்கு அவர் கண்ட காரணம். உங்கள் நிறுவனத்தில் ஏஐ செய்த பிழைகள் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை என்றால் தயவுசெய்து சந்தோஷப்படாதீர்கள்.

இதன் மறுகோடி பிரிட்டிஷ் தபால் துறையில் நடந்தது. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், கிளைகளில் பணம் குறைகிறது என்று தவறாகக் காட்டியது. அது ஏஐ கூட இல்லை. கிளைகளை நடத்தியவர்கள் கணினிதான் தவறு என்று வருடக்கணக்கில் கத்தினார்கள். தலைமை மென்பொருளை நம்பியது, மனிதர்களை நம்பவில்லை. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள்.

2025 ஏப்ரலில், இணையக் கடைகளுக்கு மென்பொருள் தரும் ஷாப்பிஃபை நிறுவனத்தின் தலைவர் டோபி லுட்கே ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு வெளியானது. கூடுதல் ஆள் கேட்கும் முன், அந்த வேலையை ஏஐ ஏன் செய்யமுடியாது என்று காட்டச் சொன்னார். அதைக் காட்டி, இதேபோல் ஒன்று எழுதித் தரமுடியுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உங்களில் உண்டு. அதே குறிப்பில், இது எனக்கும் உயர் நிர்வாகிகளுக்கும் சேர்த்துத்தான் என்றும் அவர் எழுதியிருந்தார். அந்த வரியை யாரும் கேட்கவில்லை!

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். மிச்சமாகும் நேரத்தில் ஊழியருக்கு எவ்வளவு, நிறுவனத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். இதனால் வேலை போகுமா, போகாதா என்பதையும் எழுதுங்கள். போகும் என்றால் அதையே எழுதுங்கள். மழுப்பலைவிட அது மேல். கருவி தப்பாகச் சொன்னதை நம்பி ஒருவர் தவறு செய்தால் பொறுப்பு யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். பிறகு ஒருநாள் எல்லோர் முன்னாலும் உங்கள் திரையைத் திறந்து, நீங்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள், எங்கே அது உங்களைக் கவிழ்த்தது என்று காட்டுங்கள்.

அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், பயிற்சிக்குத் தேதி குறித்துவிடலாம். வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை அதை வாசிப்பதற்கே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கும் ஒருவர்