ஃபிரீஸ்லாந்து ஏரிகளில் ஒரு வாரம்: அத்தானுக்கு ஒரு கடிதம்

லேவார்டன், நெதர்லாந்து

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

வணக்கம். இங்கே நான் நலம். ஜூன் மாதம் பிள்ளைகளோடு வரும்போது, ஆம்ஸ்டர்டாமில் ஒரு மணி நேரச் சுற்றுலாப் படகோடு முடித்துக்கொள்ளாமல், ஒரு வாரம் படகிலேயே தங்கிச் சுற்ற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். லைசென்ஸ்கூட வேண்டாம். படகின் நீளம் 15 மீட்டருக்குள்ளும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பெரியவர் யாரும் ஓட்டலாம் என்பது இங்குள்ள சட்டம். வாடகைக்கு வரும் படகுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் இருக்கும். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக ஒன்றும் தெரியாமல் ஏறிவிடக் கூடாது. அதனால்தான் கடிதம் நீளுகிறது.

முதலில் இடம். எல்லோரும் சொல்லும் கீட்ஹோர்ன் அழகான ஊர்தான். ஆனால் அங்கே சத்தமில்லாத மின்சாரப் படகை மணிக்கணக்கில் எடுத்து ஓட்டிவிட்டு மாலையில் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அதற்கு ஒரு பகல் போதும். அந்தப் பக்கத்து ஏரிகள் இயற்கையாக வந்தவை அல்ல. எரிபொருளுக்காகக் கரிமண்ணை வெட்டி வெட்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நின்று உண்டானவை. வெட்டிய மண்ணை உலர்த்த விட்டுவைத்த ஒடுங்கிய வரப்புகளைப் புயல் கரைக்கக் கரைக்க, பள்ளங்கள் ஒன்றாகிப் பெரிய ஏரிகளாகிவிட்டன. பியூலாக்கே என்ற ஒரு கிராமமே 1776 வெள்ளத்தில் அப்படி மூழ்கிப் போனது. அந்த ஏரிக்கு இன்றும் அதன் பெயர்தான்.

ஒரு வாரத்துக்கு, நான் இருக்கும் இந்த ஃபிரீஸ்லாந்து மாகாணம்தான் சரி. ஸ்னேக் என்ற ஊரில் படகு எடுங்கள். அங்கிருந்து கால்வாய் வழியே எய்ல்ஸ்ட், பிறகு ஹேய்க் (சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரம் வேறு), அங்கிருந்து ஹேய்கர்மேர், ஃப்ளூசன் ஏரிகள், கடைசியில் ஸ்டாவோரன். திரும்பும்போது வவுட்சென்ட் வழியாக ஸ்லோட்டர்மேர் ஏரியைத் தாண்டி ஸ்லோட்டன். சுமார் 700 பேர் வசிக்கும் அந்தச் சின்ன ஊருக்கும் நகரம் என்ற பட்டம் உண்டு. ஃபிரீஸ்லாந்தின் பதினொரு நகரங்களில் மிகச் சிறியது அதுதான். மேர் என்றால் ஏரி. பெயர்ப்பலகைகளில் டச்சும் ஃபிரீசிய மொழியும் இருக்கும். ஸ்னேக் என்பது ஸ்னிட்ஸ் ஆகும், எய்ல்ஸ்ட் என்பது டிரில்ட்ஸ் ஆகும். வரைபடம் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டத் திட்டமிடாதீர்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை.

ஸ்டாவோரனுக்கு அந்தப் பக்கம் எய்சல்மேர். 1932இல் 32 கிலோமீட்டர் அணை கட்டிக் கடலிலிருந்து பிரித்த நீர்ப்பரப்பு அது. கரையிலிருந்து பார்த்தால் அமைதியாகத் தெரியும். ஆழம் குறைவாக இருப்பதால் காற்று சற்றுக் கூடினாலே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் எழும். தட்டையான அடிப்பாகம் கொண்ட வாடகைப் படகுக்கு அது ஆகாது. பல ஒப்பந்தங்களில் அங்கே போகவே கூடாது என்று எழுதியிருக்கும். போகலாம் என்று எழுதியிருந்தாலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போக வேண்டாம், அத்தான்.

ஆறு பேர் வரை 10 மீட்டர் இரும்புப் படகு போதும். எடை எட்டு, பத்து டன் வரும். பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். தண்ணீருக்கு மேல் உயரம் எவ்வளவு? 2.5 மீட்டருக்குள் இருந்தால் பல பாலங்களுக்கு அடியில் அவற்றைத் திறக்கச் சொல்லாமலே போகலாம். பௌ த்ரஸ்டர் உண்டா? அது அணியத்தில் குறுக்காகப் பொருத்திய சின்ன மின்சாரச் சுழலி (தண்ணீரைத் தள்ளும் விசிறி). பொத்தானை அழுத்தினால் முன்பக்கத்தை இடமோ வலமோ தள்ளும். (நம் கரையில் சொல்வதுபோல் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றுமே எழுதுகிறேன்.) மூன்றாவது, டீசல் கணக்கு எப்படி? சில இடங்களில் நிரப்பித் திருப்பித் தர வேண்டும், சில இடங்களில் எஞ்சின் ஓடிய மணி நேரத்துக்குக் காசு. மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று, நான்கு லிட்டர் செலவாகும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் செலவு மளமளவென்று ஏறும், பின்னால் எழும் அலை கரையை அரிக்கும். ஊருக்குள் 6 கிலோமீட்டர், பல கால்வாய்களில் 9 என்று பலகையே வைத்திருப்பார்கள்.

படகைக் கொடுக்கும்போது ஒரு மணி நேரமாவது விளக்குவார்கள். அப்போது அக்காவும் பக்கத்தில் நிற்கட்டும், இருவருக்கும் ஓட்டத் தெரிய வேண்டும். தினமும் காலையில் எஞ்சினைத் தொடும் முன் செய்யும் வேலை இது. எண்ணெய் அளவுக் குச்சியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் அளவைப் பாருங்கள். படகை ஓட்டும் சுழலியின் தண்டுக்கு மசகு தரும் கிண்ணம் இருந்தால் அதன் மூடியை, எதிர்த்து இறுகும் வரை, அரைச்சுற்று திருகுங்கள். பிறகு பாசி வடிகட்டி. எஞ்சினைக் குளிர்விக்க வெளித்தண்ணீரை இழுக்கும் படகாக இருந்தால், கோடையில் ஏரிப்பாசி அதில் கட்டாயம் அடைக்கும். அடைத்தால் புகைக்குழாயில் தண்ணீர் வருவது குறையும், வெப்பமுள் ஏறும், அலாரம் கத்தும். உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். முதலில், படகின் அடியில் வெளித்தண்ணீர் உள்ளே வரும் குழாயின் வால்வை மூட வேண்டும். மூடாமல் வடிகட்டியைத் திறந்தால் ஏரி படகுக்குள் வரும். பாசியை எடுத்து, மூடியை இறுக்கி, வால்வைத் திறந்து, எஞ்சினைப் போட்டுப் புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். வால்வைத் திரும்பத் திறக்க மறப்பதுதான் பலர் செய்யும் தவறு. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பின் ரப்பர் இறக்கைகள் சில நிமிடங்களிலேயே கிழிந்துவிடும்.

படகை ஓட்டுவது மாட்டுவண்டியைவிட எளிது. நிறுத்துவதுதான் கடினம். கார்போல் பிரேக் கிடையாது. திரும்பும்போது அணியம் திரும்புவதைவிட அமரம் வெளியே வீசும், அதனால் சுவரை ஒட்டி நின்றுகொண்டு சுக்கானைத் திருப்பினால் பின்பக்கம் சுவரில் இடிக்கும். பின் கியர் போட்டால் சுழலி அமரத்தை ஒரு பக்கமாக இழுக்கும், பெரும்பாலும் இடப்பக்கம். எந்தப் பக்கம் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டு, முடிந்தவரை அந்தப் பக்கமே கரையில் ஒட்டுங்கள். பின் கியரே அமரத்தைக் கரைக்குக் கொண்டுவந்துவிடும். காற்றுக்கு எதிராகவே கரையை நெருங்குங்கள். முன்கூட்டியே ஃபெண்டர்களை (இடி தாங்கும் மெத்தை உருளைகள்) படகின் பக்கத்தில் தொங்கவிட்டு, கயிறுகளைக் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் விட்டு வெளியே எடுத்து வையுங்கள். நடை வேகத்துக்கும் குறைவாக, சாய்வாக வந்து, நியூட்ரல், பின் கியர் ஒரு தட்டு. காற்று வரும் திசையில் இருக்கும் கயிற்றை முதலில் கட்டுங்கள். யாரும் கரைக்குக் குதிக்கக் கூடாது, படியிறங்குவதுபோல் இறங்க வேண்டும். படகுக்கும் சுவருக்கும் நடுவே கையோ காலோ போகவே கூடாது. பத்து டன்னை யார் காலும் நிறுத்தாது. பிள்ளைகளிடம் இதை மட்டும் தினமும் சொல்லுங்கள். சரியாக வராவிட்டால் விலகிப் போய், சுற்றி, மறுபடி வாருங்கள். இங்கே யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. கரையில் நிற்பவர் கயிற்றைக் கேட்டு வாங்குவார்.

இந்த ஊர் தட்டை, காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. நம் ஆடிக் காற்று மாதிரி வருஷத்தில் எந்த நாளும் அடிக்கலாம். காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 4 வரை ஏரிக்குப் போகலாம், 5 என்றால் அன்று கட்டிய இடத்திலேயே இருங்கள். பாலங்களின் உயரம் வரைபடத்தில் ஃபிரீசியக் கோடை நீர்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டிருக்கும். பலமாகக் காற்றடித்தால் ஏரித் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி உயரும், பாலத்தின் கீழ் இடைவெளி அந்த அளவுக்குக் குறையும். எனவே வரைபட எண்ணை மட்டும் நம்பாமல் பாலத்தில் உள்ள அளவுப் பலகையையும் பாருங்கள்.

திறக்கும் பாலத்தில் சிவப்பு விளக்கு என்றால் நில்லுங்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் திறக்கப் போகிறது என்று பொருள். பச்சை வந்தால் போகலாம். இரண்டு சிவப்பு, ஒன்றின் மேல் ஒன்று, என்றால் பாலம் இயக்கத்திலேயே இல்லை. மூடிய பாலத்தின் நடுவே மஞ்சள் விளக்கு ஒன்று இருந்தால் அடியில் போகலாம், எதிரே படகு வரலாம். மஞ்சள் இரண்டு என்றால் எதிரே வராது. பாலக்காரருக்கு மதிய இடைவேளை உண்டு, சில இடங்களில் மாலையில் சாலை நெரிசல் நேரத்திலும் திறக்க மாட்டார்கள். நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சில சின்ன ஊர்களில் தூண்டில் நுனியில் மரச் செருப்பு ஒன்றை இறக்குவார்கள். பாலக் கட்டணக் காசை அதில் போட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் சாலைகளுக்கு மேலே தண்ணீர் ஓடும் பாலங்கள். ஸ்னேக் பக்கம் நெடுஞ்சாலை கால்வாய்க்கு அடியில் போகும், லாரிகளின் தலைக்கு மேல் நீங்கள் படகில் போவீர்கள். பிள்ளைகளை மேல்தளத்தில் உட்கார்த்துங்கள்.

பயப்பட வேண்டியது பிரின்சஸ் மார்ஹ்ரீட் கால்வாய்க்குத்தான். லெம்மரிலிருந்து குரோனிங்கன் பக்கம் போகும் சரக்குக் கப்பல் வழி அது. வலது ஓரத்தை ஒட்டியே போங்கள். பெரிய கப்பலுக்கு எப்போதும் வழி விட வேண்டும். அதன் மாலுமிக்கு முன்னால் 350 மீட்டர் வரைகூடத் தண்ணீர் தெரியாமல் இருக்கலாம். அவருடைய அறை உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. கப்பல் கடக்கும்போது கரையோரத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும், அப்போது வேகத்தைக் குறைத்து நேராகப் பிடியுங்கள். அது நீலப் பலகையும் மினுக்கும் வெள்ளை விளக்கும் காட்டினால், வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் வலப்பக்கமாகக் கடக்கிறது என்று அர்த்தம். ஏரியில் பாய்மரங்கள் குறுக்கும் நெடுக்கும் வரும். அவற்றுக்கும் வழி விட்டு, பின்பக்கமாகக் கடந்து போங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஸ்கூட்சே என்ற பழைய சரக்குப் படகுகளின் போட்டி நடக்கும், ஏரிகள் நிரம்பி வழியும். வாடகையும் அப்போதுதான் உச்சம். ஜூன் என்று நீங்கள் முடிவு செய்தது நல்லது.

இரவுக்கு இரண்டு வழி. துறைமுகம் என்றால் படகின் நீளத்துக்கு ஏற்பக் கட்டணம், மின்சாரம், குளியலறை. இல்லாவிட்டால் 1957இல் தொடங்கிய மார்ரெக்ரிட்டே என்ற அமைப்பு ஏரியோரங்களிலும் புல்வெளிகளிலும் ஏராளமான இலவசக் கட்டுமிடங்கள் வைத்திருக்கிறது. ஓரிடத்தில் மூன்று நாள் வரை இருக்கலாம். மின்சாரம் இல்லை, காலையில் கொக்கும் நாணலும்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் துறைமுகத்துக்குப் போனால் பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும் நிரம்பிவிடும்.

அக்காவுக்குச் சமையலறை விவரம். துறைமுக மின்சாரம் பல இடங்களில் 6 ஆம்பியர்தான், அதாவது 1,380 வாட். மிக்சி ஓடும், 700 வாட் ரைஸ் குக்கர் ஓடும், இரண்டாயிரம் வாட் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். சமைத்து முடித்ததும் அடுப்பை மட்டுமல்ல, சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். டாய்லெட்டில் தண்ணீர்க் குழாய் இருக்காது, மக் ஒன்று கொண்டு வாருங்கள். 2009 முதல் கழிவை ஏரியில் விடத் தடை. எல்லாம் தொட்டியில் சேரும், துறைமுகத்தில் உறிஞ்சி எடுப்பார்கள். மக் தண்ணீரும் அந்தத் தொட்டிக்குத்தான் போகும் என்பதால், அது நிரம்பும் அளவை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

அடுத்த கடிதத்தில் பிள்ளைகள் இருவரின் எடையையும் எழுதுங்கள். லைஃப் ஜாக்கெட்டை இங்கே வயதை வைத்துத் தருவதில்லை, கிலோ கணக்கில்தான் தருவார்கள். பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் சரியான அளவில் எடுத்து வைத்திருப்பார்கள்.

உங்கள் அன்புள்ள மைத்துனன்,
செந்தில்