தார்ப்பாய்ச் சிறகு வேண்டாம், பிள்ளைகளே

ஆசிரியருக்கு வணக்கம்.

சம்பா அறுவடை முடிந்ததும், மூங்கிலில் தார்ப்பாயைக் கட்டி வெண்ணாற்றுக் கரையிலிருந்து பறக்கிறோம் என்று எங்கள் தெருப் பையன்கள் கிளம்பிவிட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன். அவர்கள் செய்யப் பார்ப்பது ஹேங் கிளைடர், அதாவது ஆள் அடியில் தொங்கிக்கொண்டு பறக்கிற, இயந்திரமில்லாத துணிச் சிறகு. அதற்கு வால் கிடையாது. தொங்குகிற ஆளின் எடைதான் கட்டுப்பாடு. கையில் பிடிக்கிற குறுக்குக் கம்பியைத் தன் பக்கம் இழுத்தால் மூக்கு தாழ்ந்து வேகம் கூடும், தள்ளினால் நிமிரும். இதுவரை பையன்களுக்கும் தெரிந்திருக்கிறது.

தெரியாதது அடுத்தது. 1948இல் அமெரிக்காவின் ரோகல்லோ தம்பதி சமையலறைத் திரைச்சீலையில் செய்து பார்த்த இந்த வகைச் சிறகுக்கு உருவத்தைக் கொடுப்பதே காற்றுதான். மூக்கு ரொம்பத் தாழ்ந்தால் துணி தொய்ந்து படபடவென்று அடிக்கும், அப்புறம் எவ்வளவு தள்ளினாலும் மூக்கு எழாது, நேரே தரைதான். ஆரம்பகால கிளைடர்களில் இப்படி உயிர்கள் போயின. பிறகுதான் சிறகுக்கு மேலே நிற்கும் நடுக்கம்பத்தின் உச்சியிலிருந்து பின் விளிம்புக்குக் கயிறுகள் கட்டி, விளிம்பு தொய்யாமல் பிடித்து நிறுத்தினார்கள், கிளைடரை வண்டியின் மேல் பொருத்தி ஓட்டியும் சோதித்தார்கள்.

தார்ப்பாயில் அந்தக் கயிறு எங்கே? தடுத்தேன், கோபித்துக்கொண்டார்கள், சரி. ஆள் ஏறாத சின்ன மாதிரி செய்து, கல்லைத் தொங்கவிட்டு, அதை முன்னும் பின்னும் நகர்த்திப் பறக்கவிட்டால் எல்லாம் கண்ணாலேயே தெரியும். சிறுவர் பக்கத்தில் படத்தோடு போடுங்கள்.

– ஒரு வாசகர், நீடாமங்கலம்