எங்கள் கூலர் சோதனைச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, கணினியின் மூளையான புராசசரின் சூட்டை வெளியேற்றும் கூலர்களைச் சோதித்துப் பார்க்கும் நம் சங்கத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வராதவர்களுக்கும் இதன் நகல் போய்ச் சேரும்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல முதல் ஞாயிறுகளில் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் ஃபெஞ்சல் புயல் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஆயுத பூஜை அன்று சோதனை மேசைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரிகடலை வழங்கப்பட்டது. பள்ளி மாணவர்களுக்குக் கணினி பொருத்தும் பயிற்சி ஒரு நாள் நடந்தது. இண்டெல் 13, 14-ஆம் தலைமுறை புராசசர்கள் அதிக வோல்டேஜால் நிலைகுலைவதாக அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் புதிய மைக்ரோகோடு (புராசசரின் உள் நிரல்) வெளியிட்டதையொட்டி ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. அதைக் கொண்டுவரும் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை நிரலை) இன்னும் புதுப்பிக்காதவர்கள், புராசசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கைத் தொடுவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.

இனி வெப்பக் கட்டை விஷயம், அதாவது கூலர்களைச் சோதிக்கப் புராசசருக்குப் பதிலாகச் சூடு தர நாம் செய்த செப்புக் கட்டை. இதைப் பற்றி ஆளுக்கு ஒன்றாகப் பேசியாகிவிட்டது. சங்கப் பணம் செப்பில் போய் முடங்கிவிட்டது என்றுகூட ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூலர் பெட்டியின் மேல் 250 வாட் தாங்கும் என்று போட்டிருக்கும். எத்தனை டிகிரி அறையில் என்று போட்டிருக்காது. வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் நடப்பவை. சென்னையில் கத்திரி வெயில் நாளில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் 36 டிகிரி சர்வசாதாரணம். புராசசரிலிருந்து காற்று வரை மொத்தமாக, வாட் ஒன்றுக்கு 0.25 டிகிரி ஏறவிடும் கூலர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 200 வாட் சூட்டில் புராசசர் அறையைவிட 50 டிகிரி மேலே நிற்கும். 22 டிகிரி அறையில் அது 72, நம் அறையில் 86. ஐ9-14900கே புராசசரின் உச்ச வரம்பு 100 டிகிரி. அந்த வரம்பைத் தொடும்வரை இதே கூலர் அங்கே 312 வாட் தாங்கும். இங்கே 256 வாட்டோடு சரி. அந்தப் புராசசருக்கு இண்டெல் குறித்திருக்கும் உச்ச மின்செலவே 253 வாட். ஆக ஓவர்கிளாக் செய்ய நம் கையில் மிஞ்சுவது 3 வாட்.

சூடு எப்படி ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். புராசசர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். 4.2 கிகாஹெர்ட்ஸில், 1.20 வோல்ட்டில் 125 வாட் இழுக்கும் ஒன்றை 4.8-க்கு ஏற்றி 1.35 வோல்ட் கொடுத்தால் 180 வாட் ஆகிவிடும். வேகத்தில் கிடைத்தது ஏழில் ஒரு பங்கு. சூட்டில் கூடியது கிட்டத்தட்டப் பாதி. அந்தப் பாதியை எந்தக் கூலர் நம் ஊர் வெயிலில் வெளியே தள்ளும் என்று, பணம் கொடுத்து வாங்கும் முன்பே உறுப்பினருக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சங்கம் இருப்பதே அதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

நிஜப் புராசசரிலேயே சோதித்தால் போதாதா என்று பலர் கேட்டார்கள். இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் செய்தோம். ஆனால் ஒரே மாடலில் இரண்டு புராசசர் எடுத்தால் இரண்டும் ஒரே வோல்டேஜ் கேட்பதில்லை. சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டமும் ஏறுவதால், மோசமான கூலரின் கீழ் அதே புராசசர் கூடுதல் வாட் இழுக்கிறது. நல்ல கூலருக்குக் குறைந்த சுமை, மோசமான கூலருக்கு அதிகச் சுமை என்றால் அது எப்படி நியாயமான ஒப்பீடாகும்? போதாக்குறைக்கு, 100 டிகிரியைத் தொட்டதும் புராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் எந்தக் கூலரை மாட்டினாலும் திரையில் 100 தான். “எனக்கு 78 வருகிறது, உனக்கு ஏன் 84?” என்று கூட்டத்துக்குக் கூட்டம் நாம் சண்டை போட்டதற்கெல்லாம் அடிப்படையே கிடையாது.

ஆகவே இந்த ஆண்டு கட்டையைச் செய்தே தீருவது என்று இறங்கினோம். செப்புக் கட்டி ஒன்றை லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்தோம். மேல் முகம் புராசசர் மூடியின் அளவு. உள்ளே குழல் வடிவக் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர்கள். முகத்துக்குச் சற்றுக் கீழே துளையிட்டு, வெப்பநிலை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள் செருகியிருக்கிறது. பக்கவாட்டில் சூடு தப்பாமலிருக்க நான்கு புறமும் செராமிக் ஊல் சுற்றியிருக்கிறோம். பட்டறையிலிருந்து வந்த முகத்தில் கடைசல் கோடுகள் வட்டவட்டமாகத் தெரிந்தன. தடித்த கண்ணாடிப் பலகையில் எமரித் தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, 400, 800, 1200 என்று வரிசையாக மாற்றித் தேய்த்தோம். பிளேடு விளிம்பை முகத்தின் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீழே ஒளிக்கீற்று தெரியக் கூடாது. அது மறையும்வரை விடவில்லை. அந்த வேலையில் கூட இருந்தவர் துணைத்தலைவர் ஒருவரே என்பதைப் பதிவு செய்கிறேன்.

அடுத்து, பொருளாளர் அவர்களுக்கு வருத்தம் தந்த டி.சி. பவர் சப்ளை. முதலில், வீட்டு மின்சாரத்தின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் வழியாகத்தான் ஹீட்டரை ஓட்டிப் பார்த்தோம். ஆனால் மாலையானால் நம் தெருவில் மின்னழுத்தம் சரிகிறது. ஹீட்டரின் வாட்டும் வோல்டேஜின் வர்க்கத்தோடுதான் போகும். 230 வோல்ட் 210 ஆகக் குறைந்தால், 300 வாட் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 250 வாட். காலையில் சோதித்த கூலர் சுமார், மாலையில் சோதித்த கூலர் பிரமாதம் என்று முடிவு எழுதினால் அது யாரை ஏமாற்றுவது? நிலையான டி.சி. சப்ளை வந்த பிறகு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வாட்டை நேரடியாக எழுதுகிறோம். அது ஆடம்பரச் செலவு இல்லை. அது இல்லாவிட்டால் கட்டையே வீண்.

செயற்குழுவில் எழுந்த ஆட்சேபணை ஒன்று உண்மையில் கனமானது. கட்டை தன் முகம் முழுவதும் ஒரே சீராகச் சுடும், நிஜப் புராசசர் அப்படி இல்லை என்றார்கள். சரிதான். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் சூட்டின் பெரும்பகுதி சுமார் 70 சதுர மில்லிமீட்டர் சில்லிலிருந்து வருகிறது. அதுவும் மூடியின் நடுவில் இல்லை, ஓரமாக. அதனால்தான் சில கூலர் நிறுவனங்கள் அந்தப் புராசசர்கள் உட்காரும் ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு, கூலரை நடுவை விட்டுத் தள்ளிப் பொருத்தும் பட்டைகளைத் தருகின்றன. இதைக் கட்டை காட்டாது. எனவே கூலரோடு கூலரை ஒப்பிடக் கட்டை, பிறகு நிஜப் புராசசர் உள்ள மேசையில் உறுதிப்படுத்தல் என்று இரண்டு படியாக வைத்திருக்கிறோம். ஆட்சேபணை சொன்னவர்கள் இரண்டாவது படிக்கு வந்து உட்கார்ந்தால் சங்கத்துக்கு நல்லது. இதுவரை வரவில்லை.

சோதனை முறையையும் இந்த ஆண்டு எழுத்தில் வகுத்துவிட்டோம். அறை வெப்பநிலையைச் சுவரில் அளப்பதில்லை, கூலர் ஃபேன் காற்றை இழுக்கும் வாயருகில் அளக்கிறோம். எழுதுவது புராசசரின் டிகிரியை அல்ல, அறையைவிட எவ்வளவு மேலே என்பதை. ஏ.சி. போட்டால் கம்ப்ரசர் நின்று நின்று ஓடி அறைச் சூடு ஏறி இறங்குகிறது. சீலிங் ஃபேன் போட்டால் கூலருக்கு வெளியிலிருந்து உதவி கிடைத்துவிடுகிறது. இரண்டையும் அணைத்துத்தான் உட்கார வேண்டும், வேறு வழியில்லை. புராசசரைக் காற்றால் குளிர்விக்கும் ஏர் கூலர் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். லிக்விட் கூலரில் உள்ளிருக்கும் நீர் முழுவதும் சூடாகி ஓர் அளவில் நிற்க அரை மணி நேரமாவது வேண்டும். பத்தாவது நிமிடத்தில் எடுத்த அளவை வைத்து லிக்விட் கூலரைப் புகழ்பவர்கள் பாதித் தேர்வைத்தான் திருத்தியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு கூலரையும் மூன்று முறை கழற்றி மாட்டிச் சராசரி எடுக்கிறோம். கழற்றும்போது, கூலருக்கும் முகத்துக்கும் இடையே பூசும் பேஸ்ட்டின் தடத்தைப் படம் பிடித்துப் பதிவேட்டில் ஒட்டுகிறோம். நடுவில் மெல்லிய சாம்பல் படலமாகவும், ஓரங்களில் பிதுங்கிய வரம்பாகவும் இருந்தால் அழுத்தம் சரி. ஒரு பக்கம் மட்டும் பேஸ்ட் தடிப்பாக நின்றால், அந்தப் பக்கத் திருகு சரியாக ஏறவில்லை. பேஸ்ட் பிராண்டை மாற்றி உறுப்பினர்கள் தேடும் டிகிரிகளை இந்தத் திருகுகளிலேயே மீட்டுவிடலாம். நம் பதிவேட்டைப் புரட்டும் யாருக்கும் இது புரியும். விலை உயர்ந்த பேஸ்ட் வாங்குவதற்கு முன் அதை ஒருமுறை பாருங்கள்.

சத்தச் சோதனை தனிக்கதை. ஃபேன் சுழற்சியை இரட்டித்தால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். ஆகவே ஒரே சத்த அளவில் நிறுத்தி ஒப்பிட்டால்தான் கூலரின் தரம் தெரியும். ஆனால் பகலில் நம் தெருவின் இரைச்சலில் ஃபேன் சத்தமே மீட்டருக்குக் கேட்காது. தெரு அடங்கிய பிறகு இரவில்தான் அளந்தோம். ஒரு பைக் போனால் மறுபடி முதலிலிருந்து.

இத்தனையிலும் தெரிய வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 120 மில்லிமீட்டர் ஒற்றை ரேடியேட்டர் (நீரின் சூட்டைக் காற்றில் விடும் பாகம்) உள்ள லிக்விட் கூலருக்குக் கொடுக்கும் காசுக்கு நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் வாங்குவது மேல். 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரின் அருமை 200 வாட்டுக்கு மேல்தான் தெரியும், அதற்குக் கீழே சுமை உள்ளவர்கள் அந்தச் செலவு செய்ய வேண்டாம். பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) வைத்துக் குளிர்விக்கலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. நம் கோடைக் காற்றில் ஈரம் 25 டிகிரியிலேயே வியர்த்துவிடும், அதற்குக் கீழே குளிர்ந்த எதையும் போர்டின் மேல் வைப்பது ஆபத்து. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் கொண்டுவந்து செயல்விளக்கம் காட்டலாம் என்றும் இளைஞர்கள் கேட்டார்கள். ஆசை எனக்கும் உண்டு. 2011-இல் ஏ.எம்.டி. எஃப்.எக்ஸ்-8150 புராசசரைத் திரவ ஹீலியத்தில் 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோன செய்தி வந்த நாளிலிருந்தே இருக்கும் ஆசை. ஆனால் காற்றோட்டம் போதாத அறையில் நைட்ரஜனைத் திறந்தால் மூச்சுத் திணறும். நம் அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல்.

வருகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மொத்தமாக பேஸ்ட்டும் ஃபேனும் வாங்கிப் பங்கிட்ட ஞாயிறன்று அறையில் நிற்க இடமில்லை. அடுத்த ஞாயிறு சோதனைக்கு வந்தவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். முடிவுகள் வந்தவுடன் “அந்த அட்டவணையை எனக்கு அனுப்புங்க” என்று கேட்பவர்களில் பலர் ஆண்டு முழுவதும் அறைக்குள் காலடி வைக்காதவர்கள். கேட்பது தவறில்லை, அட்டவணை எல்லோருக்கும் பொதுதான். ஆனால் ஃபேன் அணைத்த அறையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் அளவு எழுதியதால்தான் அந்த அட்டவணை இருக்கிறது.

இரவல் பதிவேடும் வருத்தம் தருகிறது. கூலர் திரும்பி வருகிறது, அதை போர்டில் பிடித்துவைக்கும் பட்டையும் பின்தகடும் வருவதில்லை. இண்டெலின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட் உள்ள போர்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய 1200 வரை 75. ஆகவே ஒன்றின் பட்டையை மற்றொன்றில் மாட்ட முடியாது. கடைக்குப் போனால் பட்டை தனியாகக் கிடைப்பதில்லை. ஒரு பட்டை காணாமல் போனால் நல்ல கூலர் ஒன்று அலமாரியில் படுத்துவிடுகிறது. இப்போது அப்படிப் படுத்திருப்பவை ஒன்றிரண்டு அல்ல.

சந்தா விஷயத்தில், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்த ஆண்டுக்கானதைக் கட்டவில்லை. அதிலும் சிலருக்குப் போன ஆண்டின் பாக்கியும் சேர்ந்து நிற்கிறது. பெயர் வாசிக்க மாட்டேன். நாலாயிரம் ஐயாயிரத்துக்குக் கூலர் வாங்கத் தயங்காதவர்களுக்கு இந்தத் தொகை பெரிதல்ல என்று எனக்குத் தெரியும். மறதிதான் காரணம் என்றே எடுத்துக்கொள்கிறேன். பணக் கஷ்டம் உள்ளவர்கள் என்னிடமோ பொருளாளரிடமோ தனியாகச் சொன்னால் போதும், யாரையும் அதற்காக விலக்க மாட்டோம். சொல்லாமல் இருப்பதுதான் சிரமம்.

வரவு செலவைப் பொருத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. வாடகையும் மின்கட்டணமும் போக மீதியில் பெரும்பகுதி கட்டைக்கும் பவர் சப்ளைக்கும் ஆனது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. ரசீதுகள் முழுவதும் பொருளாளரிடம் உள்ளன, பார்க்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம்.

ஓர் ஆண்டு முழுவதும் வழிநடத்திய தலைவர் அவர்களுக்கும், கணக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட பொருளாளர் அவர்களுக்கும், இரவு நேரத்தில் மாடிப்படி விளக்கை எரியவிட்ட வீட்டு உரிமையாளருக்கும், கடைசல் கூலியில் பாதியை விட்டுக்கொடுத்த பட்டறைக்காரருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் செய்ய வேண்டியது இதுதான். மே மாதக் கத்திரியில், நம்மிடம் உள்ள எல்லாக் கூலர்களையும் கட்டையில் ஏற்றி ஒரே பருவத்தில் அளந்து முடிக்க வேண்டும். அதற்கு ஞாயிறு ஒன்றுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மாட்ட, ஒருவர் எழுத. துணைத்தலைவருக்கு இனி இரவில் வருவது சிரமம் என்று சொல்லிவிட்டார். எனக்கும் வீட்டுப் பொறுப்புகள் கூடியிருக்கின்றன. செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் கட்டையின் வயரிங் படத்தையும் பதிவேடுகளையும் அன்றே ஒப்படைத்து, கூட இருந்து சொல்லிக்கொடுக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு நானே பார்க்கிறேன், ஆனால் தனியாக முடியாது.

ஏப்ரல் கூட்டத்துக்கு வரும்போது சந்தாவோடு, வீட்டு மேசை டிராயரில் கிடக்கும் பட்டை, பின்தகடு, ஸ்பிரிங் திருகு எல்லாவற்றையும் கையோடு எடுத்து வாருங்கள். எந்தக் கூலருடையது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்