தினம் 20 வார்த்தை எழுதிப்போடும் ஆங்கில ஆசிரியர்களுக்கு

போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களில் ஆங்கிலம் எடுக்கும் சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

வங்கித் தேர்வுக்குப் படித்தபோது எனக்கு மூன்று நோட்டு நிரம்பியது. நடுவில் கோடு, இந்தப் பக்கம் ஆங்கில வார்த்தை, அந்தப் பக்கம் ஒரே ஒரு தமிழ் வார்த்தை, தினம் 20, மறுநாள் காலையில் டெஸ்ட். அதில் ‘சேங்ஷன் – அனுமதி’ என்று இருந்தது. மாடு வாங்கக் கடன் கேட்டுப் போனவர்கூட ‘லோன் சேங்ஷன் ஆயிடுச்சு’ என்றுதானே சொல்கிறார், இதில் படிக்க என்ன இருக்கிறது என்று தாண்டிவிட்டேன். அப்புறம் ஒரு மாக் டெஸ்டில், ஈரான் மேல் அமெரிக்கா போட்ட சேங்ஷன்ஸ் பற்றி ஒரு பத்தி வந்தது. ஈரானுக்கு ஏதோ அனுமதி கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஐந்து கேள்விக்கும் டிக் அடித்தேன். ஐந்தும் போச்சு, நெகட்டிவ் மார்க் வேறு. பன்மையில், ஒரு நாட்டின் மேல் என்று வந்தால் தடை. லோன், பட்ஜெட் பக்கத்தில் வந்தால் அனுமதி. ஒரு நிமிஷ வேலை சார் இது.

இன்னொன்று. ‘பரையா – ஒதுக்கப்பட்டவர்’ என்று போர்டில் எழுதிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுகிறீர்கள். அது பறையர் என்ற நம்மூர்ச் சாதிப் பெயரிலிருந்து போன சொல், பறை கொட்டுபவர் என்பதுதான் மூலம் என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. ஊர் ஒதுக்கி வைத்தவர்களின் பெயரை வெள்ளைக்காரர்கள் எடுத்துப்போய், ஒதுக்கப்பட்ட எல்லாருக்கும் பொதுப்பெயராக்கிவிட்டார்கள். இன்றைக்கும் உலகம் தள்ளிவைத்த நாட்டை ‘பரையா ஸ்டேட்’ என்றுதான் பத்திரிகையில் எழுதுகிறார்கள். அந்தச் சமூகத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதை வெறும் அர்த்தமாகக் கடந்துபோக எப்படி முடிகிறது? கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆன கதையை மட்டும் பெருமையாகச் சொல்கிறோம்.

தேர்வும் மாறிவிட்டது, உங்களுக்குத் தெரியாததில்லை. வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும், கடினமான சொற்களுக்குப் பேர்போன ஜிஆர்இ தேர்விலேயே எதிர்ச்சொல் கேள்வியை 2011-ல் எடுத்துவிட்டார்கள். வாக்கியத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்றுதான் இப்போது கேட்கிறார்கள். பத்தியில் விடுபட்ட இடங்களை நிரப்பச் சொல்லும் நம் குளோஸ் டெஸ்டும் அதே கதைதான். அதனால் 20 வேண்டாம், ஐந்து போதும். அன்றைய பேப்பரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் கொடுங்கள், நோட்டு நிரம்பாவிட்டால் பரவாயில்லை.

சரி, நாளைக்கு ‘ஓவர்சைட்’ வந்தால் மேற்பார்வை என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் சார். கவனப்பிசகுக்கும் அதே வார்த்தைதான்.