செல்வாவுக்கு, சேரம்பாடியிலிருந்து

அன்புள்ள செல்வா,

இங்கே நலம். மழை விட்டபாடில்லை, கொழுந்து நன்றாக வருகிறது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

சித்திரையில் நீ அனுப்பிய நியூயார்க் எல்லிஸ் தீவுப் படத்தை இன்றைக்கும் எடுத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் படம் எதுவும் வரவில்லை. வேலை இருக்கும், சரி. 1892 முதல் 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அமெரிக்காவில் குடியேற அங்கே வந்து இறங்கினார்கள் என்று எழுதியிருந்தாய். டாக்டருக்குச் சந்தேகம் தட்டினால் சட்டையில் சாக்பீசால் ஓர் எழுத்துப் போடுவார்களாமே, கண்ணுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று. உன் காகிதமெல்லாம் சரியாக இருக்கிறதா? எல்லாவற்றையும் ஒரே பையில் வை. அங்கே கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று டிவியில் சொன்னான். உன் கம்பெனி இல்லை, பொதுவாகச் சொன்னான்.

நமக்கு அந்த மாதிரி இடம் மண்டபம் கேம்ப். பூட்டன் தோட்ட வேலைக்குச் சிலோனுக்குப் போனபோது அங்கேதான் நிறுத்தி, காலரா இல்லை, பிளேக் இல்லை என்று பார்த்துக் கப்பலேற்றினார்கள். பீரோவில் இருக்கிற தகர வில்லை அப்போது கழுத்தில் கிடந்ததுதான். தோட்டத்து நம்பர் இருக்கிறது, பேர் இல்லை.

1975இல் அதே மண்டபத்துக்கு நாங்கள் திரும்பி வந்தோம். எனக்குப் பதினைந்து வயது. 1964 ஒப்பந்தத்தில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சாஸ்திரியும் சிறிமாவோவும், நம் ஜனத்தைப் பிரித்துக்கொண்ட கணக்கில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. நாங்கள் ஐந்தேகாலில் வந்தோம். என் அப்பாயி சித்தப்பாவோடு மூன்றில் நின்றுவிட்டது. கோச்சி என்போமே, அந்த ரயில் கிளம்பும்போது ஸ்டேஷனே ஒப்பாரி வைத்தது. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி, பாம்பன் பாலம் தாண்டி மண்டபம். குடும்ப அட்டை கொடுக்கிற மேசையில் அப்பா கைநாட்டு வைத்துவிட்டு, மை காயும்வரை பெருவிரலை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். புது வேட்டி.

காகிதங்களைப் பத்திரமாக வை. சொன்னேனா? சொன்னேன்.

நம் லைன் வீடுகளிலிருந்து அமெரிக்கா போன முதல் பிள்ளை நீ என்று டீக்கடையில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'எப்ப வர்றான்?' என்று கேட்கிறார்கள். மாதம் நாலாகிறது. ஒரு போன் போட எவ்வளவு நேரமாகும்?

கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. 'போனதும் ஒரு காகிதம் போடு' என்று என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அப்பாயி சொன்னது. வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். இங்கே வந்து ஓலைக் கொட்டகையில் கிடந்தோம். அதை எப்படி எழுதுவது? அப்பா தபாலுக்குக் கொடுத்த காசில் சினிமா பார்த்துவிட்டு, 'போட்டுட்டேன்' என்றேன். மூன்று தடவை. பதில் வரவில்லையே என்று அப்பா சித்தப்பாவைத்தான் திட்டுவார். அப்பாயி செத்தது எங்களுக்கு ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தது. அப்பாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசு. பணம் வேண்டாம், கூரை போட்ட கடன் அடைந்துவிட்டது.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். போன புதன்கிழமை ராத்திரி, அம்மா தூங்கினபிறகு நீ பேசினாய் என்று சொல்லியிருக்கிறேன். தைலம் தேய்க்கிறாளா என்று கேட்டாய். அவள் பேசினால் அதற்குத் தகுந்த மாதிரி பேசு.

அப்பா