வெற்றுத் தாளில் நான் போட்ட கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கிராமத்து அங்கன்வாடியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊரையும் மாவட்டத்தையும் இங்கே எழுதவில்லை. நான் சொல்ல வந்தது இரண்டு பிள்ளைகளைப் பற்றி. அவர்களை அடையாளம் காட்டும்படி எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். இரண்டும் என் கையில் சத்துமாவு உருண்டை வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளைகள்.

அக்காவுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. தாய் இல்லை. தகப்பன் திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவான். வளர்ப்பது அப்பாயி. போன பங்குனியில் தம்பிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் வீங்கிவிட்டது. அப்பாயி நூறு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வாரம் கையில் காசு இருக்காது. அதனால் அக்காக்காரி பள்ளிக்கூடம் போகாமல் எட்டு நாள் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்து, அந்த வீட்டில் பிள்ளையைப் படிக்க அனுப்பாமல் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் மேல் எனக்கு வருத்தமில்லை. சந்தேகம் வந்தால் சொல்லத்தான் வேண்டும்.

விசாரிக்க ஒரு பணியாளர் வந்தார். காலை பதினொரு மணி, நல்ல வெயில். திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணிடம் நாலைந்து கேள்வி கேட்டார். தம்பி உள்ளே படுத்திருந்தான். அவர் வாசற்படியைத் தாண்டவே இல்லை. நான் பால் சொசைட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். “பக்கத்து வீடாம்மா? இதுல ஒரு கையெழுத்து போடுங்க” என்று ஒரு படிவத்தை நீட்டினார். மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை. “ஆபீஸ்ல போய் நிரப்பிக்குவோம்” என்றார். நானும் போட்டுவிட்டேன். 31 ஆண்டு பதிவேடு எழுதிய நான் செய்திருக்கக் கூடாத காரியம் அது.

மூன்றாம் நாள் வண்டி வந்தது. பெண்பிள்ளைகள் இல்லம் ஒரு ஊரில், ஆண்பிள்ளைகள் இல்லம் வேறு ஊரில். அப்பாயியைப் பிரிந்ததோடு அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பிரிந்தார்கள். 73 நாள். ஆறு வயதுப் பையன் அங்கே முதல் வாரம் முழுக்க யாரிடமும் வாயே திறக்கவில்லையாம்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் இரண்டாவது அமர்வுக்கு அப்பாயிக்குத் துணையாக நான் போனேன். அங்கேதான் அறிக்கையின் சாரத்தைப் படித்துச் சொன்னார்கள். “வீட்டில் பொறுப்பான பெரியவர் எவருமில்லை. உணவுப் பொருள் இருப்பு இல்லை. பெண் குழந்தை வீட்டு வேலைக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டுள்ளது. பக்கத்து வீட்டார் ஒருவரும் இதை உறுதி செய்துள்ளார்.” அந்தப் பக்கத்து வீட்டார் நான்தான். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அந்த வீட்டின் உள்ளறையில் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் ஒரு அலுமினிய ட்ரம் இருக்கிறது. ரேஷன் அரிசி அதில்தான் கிடக்கும். திண்ணையில் உட்கார்ந்தவருக்கு அது தெரியாது. பிள்ளை ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், வீங்கிய கன்னத்தோடு தம்பியே எழுந்து வந்து காட்டியிருப்பான்.

எழுந்து நின்று சொன்னேன். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்தே சொன்னேன். குழு மறுபடியும் வீட்டைப் பார்த்துவர உத்தரவிட்டது. இந்த முறை வேறொரு பெண் வந்தார். மாலை ஆறரை மணிக்கு, அப்பாயி வேலை முடிந்து வந்திருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ட்ரம்மின் மூடியைத் திறந்து அரிசியில் கையை விட்டு, ஆழம் பார்த்தார். தம்பிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சீட்டை வாங்கி, தேதியைக் குறித்துக்கொண்டார். எது தானே பார்த்தது, எது அப்பாயி சொன்னது என்று தனித்தனியாக அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததும் முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டி, “நான் எழுதினது சரியாம்மா?” என்று கேட்டார். “தண்ணிக் குழாய் தெருமுனையில் இருக்கு, வீட்டில் இல்லை” என்று அப்பாயி திருத்தினாள். அதையும் திருத்திவிட்டு, அப்புறம்தான் கைநாட்டு வாங்கினார். முக்கால் மணி நேரம். அந்த அறிக்கை போன பிறகே பிள்ளைகள் வீடு வந்தார்கள்.

இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையின் வீட்டு நிலவரத்தை அறியும் சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது 36ஆம் பிரிவு. நல்ல சட்டம்தான். ஆனால் படிவம் 22 என்று சொல்லப்படும் அந்த அறிக்கையை எழுதுகிறவர் வீட்டுக்குள் போனாரா, எவ்வளவு நேரம் இருந்தார், பிள்ளையிடம் தனியாகப் பேசினாரா என்று எங்கள் விஷயத்தில் யாரும் கேட்கவில்லை. தாளில் இருந்ததையே உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் அங்கன்வாடியில் இருந்தபோது மேற்பார்வையாளர் வந்தால் எடைப் பதிவேட்டைத் திறந்து, ஏதாவது மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு மறுபடி தராசில் போடச் சொல்வார். நான் 11 கிலோ 200 கிராம் என்று எழுதியிருந்தால் தராசும் கிட்டத்தட்ட அதைக் காட்ட வேண்டும். ஒரு பிள்ளையின் எடைக்கே இப்படி என்றால், அந்தப் பிள்ளையை வீட்டைவிட்டுக் கொண்டுபோகும் அறிக்கையை யார் மறுபடி போட்டுப் பார்க்கிறார்கள்?

முதலில் வந்த அந்தப் பணியாளரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் ஒதுக்கீட்டின்படி ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இரண்டு சமூகப் பணியாளர், இரண்டு புறத்தொடர்புப் பணியாளர். புறத்தொடர்புப் பணியாளருக்கு மாதம் 10,592 ரூபாய், அதுவும் ஒப்பந்த வேலை. மாவட்டம் முழுக்க பஸ்ஸில் அலைகிறவர் திண்ணையோடு திரும்பிவிடுவது எப்படி என்று எனக்குப் புரிகிறது. ஆட்களைக் கூட்டுங்கள், பயணப்படியை ஒழுங்காகக் கொடுங்கள். ஆனால் நேரமில்லை என்றால் நேரமில்லை என்று எழுதட்டும். பார்க்காததைப் பார்த்ததாக எழுத வேண்டாம்.

அதுவும் நடந்தது. பிள்ளைகள் திரும்பி வந்தபின் நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்குமா என்று விசாரிக்கப் போனோம். “ஆடி மாசத்திலேயே உங்க வீட்டைப் பார்த்தாச்சே, குழந்தைகள் நலம்னு போட்டிருக்கே” என்றார்கள். தேதியைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்தக் குடும்பமே குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கப் போயிருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. சாவி என் வீட்டு ஆணியில் தொங்கியது. எங்கள் பிள்ளைகள் நலமாகத்தான் இருந்தார்கள். இல்லாமல் போயிருந்தால்?

அமெரிக்காவின் மயாமியில் நடந்ததை என் மகன் படித்துச் சொன்னான். அரசின் பொறுப்பில் இருந்த ஒரு சிறுமி 2001 ஜனவரியில் காணாமல் போனாள். அது வெளியே தெரிந்தது 2002 ஏப்ரலில். நடுவில் 15 மாதம், நேரில் போய்ப் பார்த்ததாகவும் பிள்ளை நலம் என்றும் பணியாளர் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் குழந்தையின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஃபுளோரிடா மாநிலத்தில் இப்படிப் பொய்யாக எழுதுவதைக் கடுங்குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள்.

நம் சட்டத்தின் 99ஆம் பிரிவு இந்த அறிக்கைகள் ரகசியம் என்கிறது. அது சரி. ஆனால் குழு நினைத்தால் அறிக்கையின் சாரத்தைப் பெற்றோருக்கோ காப்பாளருக்கோ பிள்ளைக்கோ சொல்லி, அதைப் பற்றிச் சான்று காட்ட வாய்ப்பும் தரலாம் என்று அதே பிரிவு சொல்வதாக இலவசச் சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞர் எங்களுக்கு விளக்கினார். “தரலாம்” என்பது “தர வேண்டும்” என்று ஆக வேண்டும். அதுவும் பிள்ளையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னாலேயே. வீட்டுக்கு வருகிறவர் வந்த நேரம், போன நேரம், யார் யாரிடம் பேசினார் என்பதை அங்கேயே எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகட்டும். பத்தில் ஒரு வீட்டையாவது வேறொருவர் மறுபடி போய்ப் பார்க்கட்டும்.

நான் கையெழுத்திட்டது வெற்றுப் படிவத்தில் என்று எழுதி, குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவை நீக்கச் சொல்லி அப்பாயி கொடுத்த மனுவுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்